சாமந்தியும் சூரியகாந்தியும்: ஒரு பூக்கார அம்மாவின் கைகள் (நிகழ்வு ஆய்வு)

மயிலாப்பூர் மாட வீதி ஒன்றில் பூக்கட்டி விற்பவர் அவர். வயது 46. தை மாதக் கடைசியில் என் கிளினிக்குக்கு வந்தபோது இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டே உட்கார்ந்தார். காட்டச் சொன்னதும் கொஞ்சம் தயங்கினார். "அரிப்பைக்கூடப் பொறுத்துக்குவேன் டாக்டரம்மா. சாமிக்குப் போற பூவை இந்தக் கையாலயா கட்றேன்னு ஒருத்தங்க கேட்டுட்டாங்க" என்றார்.

தாவரச் சாறுகள் தோலின் அரணை வலுப்படுத்தும் என்று இப்போது கிரீம் டப்பாக்கள் எல்லாமே சொல்கின்றன. இவர் கதையில் ஒரே குடும்பத்துத் தாவரங்கள் மூன்று வருகின்றன. ஒன்று அரணை உடைத்தது. ஒன்று உடைந்ததை ஆறவிடாமல் வைத்திருந்தது. மூன்றாவது ஆறுவதற்குக் கை கொடுத்தது. அதனால்தான் எழுதுகிறேன். அவர் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வந்தபோது இருந்த நிலை

இரு கைகளிலும் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகளில் ஆழமான வெடிப்புகள். புறங்கையில் தோல் தடித்து, செதில் செதிலாக உரிந்து, சொறிந்த தடங்களில் பொருக்குத் தட்டியிருந்தது. நகங்களில் குறுக்கு வரிகள். இதுவரை பார்த்தால் சாதாரணத் 'தண்ணீர்க் கை' என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பேன். கண் இமைகள்தான் நிறுத்தின. இரண்டும் லேசாக வீங்கி, சாம்பல் பூத்தாற்போல் இருந்தன. இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது. விரலில் ஒட்டியது முதலில் அங்கேதான் போய்ச் சேரும். வெறும் தண்ணீரும் சோப்பும் காரணமென்றால் இமை ஏன் வீங்க வேண்டும்?

வேலையைப் பற்றிக் கேட்டேன். விடியற்காலை 3 மணிக்குக் கோயம்பேடு. 6 மணிக்குக் கடை. வாழைநாரைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரம் சொட்டச் சொட்ட இழுத்துக் கட்டுவார். வாடாமல் இருக்கப் பூவின் மேல் தண்ணீர் தெளித்தபடி இருப்பார். இரவில் பூப்பிசுக்குப் போகப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கை கழுவுவார். வீட்டில் போர் தண்ணீர், பக்கெட்டில் வெள்ளையாகப் படியும் கடின நீர். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை நனைந்தே இருந்தால் அதைத் தொழில்முறை மருத்துவத்தில் 'ஈர வேலை' என்பார்கள். இவருக்குப் பத்து மணி நேரம்.

அதுவரை செய்த வைத்தியங்கள் வருமாறு. முதலில் மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த ட்யூப். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றையும் ஒன்றாகக் கலந்த வகை. போட்டால் அடங்கும், விட்டால் இரட்டிப்பாக வரும். அப்புறம் மாமியார் சொல்லி வேப்பெண்ணெயில் மஞ்சள். அது எரிந்ததால் இரண்டு நாளில் விட்டுவிட்டார். பக்கத்துக் கடைக்காரர் சொல்லிக் கடுக்காய் ஊறிய தண்ணீரில் கை கழுவிப் பார்த்திருக்கிறார். கடைசியாக, நான்கு மாதமாக ஒரு 'மூலிகை' கிரீம். ரசாயனம் இல்லாதது, தோலின் பாதுகாப்பு வளையத்தைப் பலப்படுத்துவது என்று டப்பாவில் இருந்ததாம். விலையும் கொஞ்சமில்லை. பூசினால் முதலில் குளுகுளுவென்று இருக்கும், மறுநாள் அரிப்பு அதிகமாகும். அதிகமானதால் இன்னும் அதிகமாகப் பூசியிருக்கிறார்.

அரண் என்பது எது

தோலின் மேலடுக்கைச் செங்கல் சுவர் என்று சொல்வது வழக்கம். இறந்து தட்டையான செல்கள் செங்கல். இடையிலிருக்கும் கொழுப்பு சாந்து. அந்தச் சாந்தில் எடைக் கணக்கில் ஏறக்குறையப் பாதி செராமைடு, கால் பங்கு கொலஸ்ட்ரால், மீதியில் பெரும்பகுதி கொழுப்பு அமிலங்கள். உடம்பின் பெரும்பாலான இடங்களில் இந்தச் சுவரின் மொத்தக் கனம் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குதான். உள்ளங்கையில் பல மடங்கு கனம், ஆனால் அங்கே எண்ணெய்ச் சுரப்பி கிடையாது. மேலே பூச்சில்லாத கெட்டிச் சுவர் மாதிரி. சுவரின் மேற்பரப்பு லேசான அமிலம், அமிலக் காரக் குறியீடு 5-ஐ ஒட்டி. சோப்பு 9-க்கும் 10-க்கும் நடுவில். ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் சாந்து கரைகிறது, சாந்தைத் தயாரிக்கும் நொதிகளும் சுணங்குகின்றன. கடின நீரில் சோப்பு சரியாக அலம்பிப் போகாமல் தோலிலேயே தங்குவதால் சேதம் இன்னும் கூடும்.

சாந்து என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குக் கடுக்காய் ஞாபகம் வரும். பழைய மதராஸ் கட்டடங்களின் பளபளக்கும் சுண்ணாம்புப் பூச்சில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைப்பார்கள். சுவருக்கு அது பலம். அதே கடுக்காயும் ஆவாரம்பட்டையும் தோல் பதனிடும் தொழிலில் புரதத்தை இறுக்கி, செத்த தோலை அழுகாத தோலாக மாற்றுகின்றன. வேலை செய்வது டானின் என்ற பொருள். நீர் வடியும் புண்ணில் இந்த இறுக்கும் குணம் உதவும். ஏற்கெனவே காய்ந்து வெடித்த விரலிலோ இன்னும் உலர்த்தி, வெடிப்பை ஆழமாக்கும். இந்த அம்மாவுக்கு அதுதான் நடந்தது. கடுக்காய் மேல் குற்றமில்லை. ஈரப் புண்ணுக்கான வைத்தியம் வறண்ட புண்ணுக்குப் போய்விட்டது.

முதுகில் ஒட்டிய சோதனை

சந்தேகம் பூவின் மேல். ஆனால் எந்தப் பூ? இதற்கு 'பேட்ச் டெஸ்ட்'. சந்தேகப் பொருள்களைச் சிறு கிண்ணங்களில் வைத்து முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்து, 96 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை முதுகு நனையக் கூடாது.

"நாலு நாள் தலைக்கு ஊத்தாம கோயில் பூவை எப்படிம்மா தொடுவேன்?"

நியாயமான கேள்வி. பாடப் புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. நான்கு நாளும் மருமகள் கடையைப் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. மாசியிலேயே வேர்வை ஊற்றியதால் ஓரமெல்லாம் கூடுதலாக பிளாஸ்டர் போட்டோம். அந்த நான்கு நாளில் மருந்தே இல்லாமல் கை அரிப்பு பாதியாகக் குறைந்ததை அவரே சொன்னார். சோதனை முடிவு வருவதற்கு முன்பே பாதி விடை வந்துவிட்டது.

இந்தியாவில் அடிக்கடி ஒவ்வாமை தரும் பொருள்களின் தயார் வரிசையோடு அவர் கடையின் சாமந்தி இலை, சாமந்தி இதழ், மல்லி, வாழைநார், அந்த மூலிகை கிரீம், அவர் வீட்டில் சமைக்கும் சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றையும் ஒட்டினேன். நான்காம் நாள் பார்த்தபோது, வரிசையில் இருந்த பார்த்தீனியம் என்ற களைச்செடியின் இடம் நன்றாகச் சிவந்து கொப்புளித்திருந்தது. சாமந்தி இலையும் அப்படியே. இதழ் சற்றுக் குறைவு. மூலிகை கிரீம் இருந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. மல்லி, வாழைநார், எண்ணெய் மூன்றும் சுத்தம். வரிசையில் இருந்த வாசனைக் கலவையோ பாதுகாப்புப் பொருள்களோ எழும்பவில்லை. சாமந்தி இலை யார் தோலையும் கிளறிவிடுமோ என்று பார்க்க என் முதுகிலும் ஒட்டிக்கொண்டேன், ஒன்றும் வரவில்லை. மற்றவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன். இப்படி ஒட்டியே புதிதாக ஒவ்வாமையை வரவழைத்துக்கொள்ளவும் முடியும்.

சாமந்தி, பார்த்தீனியம், துலுக்கச் சாமந்தி, மரிக்கொழுந்து, சூரியகாந்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். இவற்றில் பலவற்றின் இலையிலும் பூவிலும் செஸ்க்விடெர்பீன் லாக்டோன் என்ற பொருள்கள் உண்டு. தோலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு, உடம்பின் எதிர்ப்பு செல்களுக்கு 'அந்நியன் வந்திருக்கிறான்' என்று காட்டிக்கொடுப்பவை. ஒன்றுக்குப் பழகிய எதிர்ப்பு, உறவுக்காரச் செடிகளையும் அடையாளம் கண்டுகொள்ளும்.

அப்புறம் கிரீம் டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தேன். பொடி எழுத்தில் காலெண்டுலா, கெமோமில், கற்றாழை, லாவெண்டர் என்று இருந்தது. முதல் இரண்டும் அதே குடும்பம். நாட்டு மருந்துக் கடையில் கெமோமிலுக்குப் பெயரே சீமைச்சாமந்தி. அதைத் தமிழில் அச்சடித்திருந்தால் இந்த அம்மாவே ஒரு நொடி யோசித்திருப்பார். கிரீமில் எந்தப் பொருள் அவரைப் படுத்தியது என்று தனியாகப் பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. கிரீம் முழுதாக அவருக்கு ஆகாது என்பது மட்டும் உறுதி.

உள்ளே போவதும் வெளியே நிற்பதும்

மூலக்கூறு எடை 500 டால்டனுக்கு (மூலக்கூறை எடை போடும் அலகு) மேல் போனால் உடையாத தோலைத் தாண்டுவது கடினம் என்று 2000-ல் இரண்டு ஆய்வாளர்கள் வகுத்த ஒரு விதி உண்டு. தோராயமானதுதான், ஆனால் கண் திறக்கும் விதி. பார்த்தீனியத்தின் ஒவ்வாமைப் பொருளான பார்த்தெனின் 262. சுலபமாக நுழைந்துவிடும். வல்லாரைக் கீரையில் இருக்கும் புகழ்பெற்ற பொருளான ஏஷியாடிகோசைடு ஏறக்குறைய 959. ஆய்வகக் கிண்ணத்தில் தோல் செல்களின் மேல் நேரடியாக ஊற்றினால் வல்லாரைச் சாறு நல்ல வேலை செய்கிறது. அந்தச் செல்களுக்கு மேலே சுவர் இல்லை. நம் தோலுக்கு இருக்கிறது. கெட்டது கதவைத் தட்டாமல் உள்ளே போக, நல்லது வாசலிலேயே நிற்கிற நிலைமை. சுவர் உடைந்திருந்தால் நல்லதும் உள்ளே போகும், கூடவே வாசனைப் பொருளும் எல்லாமும் போகும். இப்படி அரித்து, உரிந்து, வெடிக்கும் எக்ஸிமாக் கையில் எதையும் பூசுவதற்கு முன் நான் பயப்படுவது இதனால்தான்.

தாவரப் பொருள்களில் அரணுக்கு உதவும் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். நுண்ணிய ஓட்ஸ் தூள் ஒன்று. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2003-ல் அதைத் தோல் காக்கும் பொருளாக ஏற்றது. இன்னொன்று லினோலெயிக் அமிலம் நிறைந்த எண்ணெய்கள். 1929-லேயே கொழுப்பில்லாத உணவு கொடுத்த எலிகளின் தோல் செதில் உதிர்ந்ததைப் பார்த்து, உடம்பால் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அமிலம் ஒன்று தேவை என்று கண்டுபிடித்தார்கள். அதுதான் லினோலெயிக் அமிலம். சாந்தில் இருக்கும் நீண்ட செராமைடு ஒன்றின் வால் பகுதியில் அது கோக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் சாந்து அடுக்கடுக்காகச் சேராது.

சூரியகாந்தி எண்ணெயில் பொதுவாக இது பாதிக்கு மேல். நல்லெண்ணெயில் 40 சதவீதத்தை ஒட்டி. தேங்காயெண்ணெயில் 2 சதவீதம்தான். ஆனால் தேங்காயெண்ணெயைத் தள்ளிவிட முடியாது. 2014-ல் வெளியான பிலிப்பைன்ஸ் ஆய்வில், எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளில் எட்டு வாரம் கன்னித் தேங்காயெண்ணெய் பூசியவர்களுக்கு நோயின் கடுமை 68 சதவீதம் குறைந்தது. கனிம எண்ணெய் பூசியவர்களுக்கு 38 சதவீதம். அது வேறு வழியில் வேலை செய்கிறது: மேலே மூடுகிறது, கிருமியை அடக்குகிறது.

எண்ணெய் என்றாலே நல்லது என்றும் இல்லை. ஆலிவ் எண்ணெயில் ஓலெயிக் அமிலம் அதிகம்; அது சாந்தின் வரிசையைக் கலைக்கும். 2013-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 19 பெரியவர்களிடம் செய்த ஆய்வில் ஆலிவ் எண்ணெய் அரணைப் பலவீனப்படுத்தியது, சூரியகாந்தி எண்ணெய் காப்பாற்றியது. டாக்காவில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வந்தது. ஆனால் 2016-ல் 115 பச்சைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலில் ஈரத்தைக் கூட்டினாலும், சாந்து அடுக்குகள் ஒழுங்காக அமைவதை எண்ணெயே பூசாத குழந்தைகளைவிடப் பின்தள்ளின. நல்ல சுவருக்கு மேல் எதைப் பூசினாலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இந்த அம்மாவின் சுவர் நல்ல சுவர் இல்லை.

சிகிச்சை

சாமந்திக்காரிக்குச் சூரியகாந்தியா என்று என் நர்ஸே கேட்டார். ஒவ்வாமைப் பொருள் இருப்பது இலை, பூக்களின் நுண் சுரப்பிகளில். விதையைப் பிழிந்து சுத்திகரித்த எண்ணெயில் அது வருவதில்லை. பேட்ச் டெஸ்டிலும் எழும்பவில்லை. இருந்தாலும் முழங்கை மடிப்பில் ஒரு வாரம் தினம் இரண்டு வேளை தடவச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கைக்கு விட்டேன்.

பங்குனி உற்சவம் குறுக்கே வந்தது. "அறுபத்துமூவர் முடியட்டும்மா, அதுக்கப்புறம் நீங்க சொல்றபடி கேக்கறேன்." நான் வாதாடவில்லை. வருஷத்தின் பெரிய வியாபாரம் அது. சாமந்தி, துலுக்கச் சாமந்தி, மரிக்கொழுந்து மூன்றையும் மருமகள் கட்டுவது, மல்லி, முல்லை, சம்பங்கி, ரோஜாவை இவர் கட்டுவது என்று மட்டும் பேசி வைத்தோம். கையுறை சரிப்படாது, நார் முடிச்சு விரலுக்குத் தெரிய வேண்டும்.

பாத்திர சோப்பு நின்றது. பதிலாகச் சோப்பில்லாத கழுவும் திரவம். பலமான ஸ்டீராய்டு களிம்பு இரண்டு வாரம், பிறகு ஒன்றுவிட்டொரு நாளாக இரண்டு வாரம். அது அடங்கியதும் சித்திரையில் ஒரு சின்னப் பரிசோதனை. நான்கு வாரம் இரண்டு கைக்கும் இரவில் பெட்ரோலியம் ஜெல்லி. வலது கைக்கு மட்டும் அதற்கு முன்னால், ஈரம் காயுமுன் ஐந்து சொட்டுச் சூரியகாந்தி எண்ணெய். மேலே பருத்தி உறை.

இரண்டாவது வாரம் போன் வந்தது, வலது கை எரிகிறதென்று. பாட்டிலை எடுத்துவரச் சொன்னேன். பஜ்ஜி சுட்டு மிஞ்சிய எண்ணெய்! வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கிறார். லினோலெயிக் அமிலம் அதிகமுள்ள எண்ணெய் சூட்டிலும் வெளிச்சத்திலும் சீக்கிரம் சிக்குப் பிடிக்கும்; அந்தக் கெட்ட பொருள்கள் தோலைக் கிளறும். தவறு என்னுடையது. 'சமையல் எண்ணெய்' என்று சொன்னவள், பிரிக்காத சிறு பாட்டில் என்று சொல்லவில்லை. ஒரு வாரம் நிறுத்திவிட்டு, புதிய பாட்டிலோடு நான்கு வாரத்தை முதலிலிருந்து தொடங்கினோம்.

முடிவில் இரண்டு கையுமே நன்றாகத் தேறியிருந்தன. வலது கையில் வெடிப்புகள் ஐந்தும் மூடியிருந்தன. இடது கையில் ஆறில் இரண்டு மிச்சம். தண்ணீர் பட்டால் சுரீரென்பது வலதில் முதலில் நின்றதாகச் சொன்னார். இதை வைத்து எண்ணெய்க்கு வெற்றி என்று நான் எழுதிவிட மாட்டேன். நாரை இழுத்துச் சுற்றுவது வலது கை, பிடித்துக்கொண்டிருப்பது இடது கை. இரண்டுக்கும் வேலையே வேறு. தோலிலிருந்து நீர் ஆவியாவதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. எந்தக் கைக்கு எது என்று எங்கள் இருவருக்குமே தெரியும். கை தேறியதில் பெரும்பங்கு சாமந்தியையும் கிரீமையும் பாத்திர சோப்பையும் நிறுத்தியதற்கு, அடுத்து ஸ்டீராய்டுக்கு. எண்ணெயின் பங்கு அதற்கும் மேலே சிறிது, ஸ்டீராய்டை விட்ட பிறகும் கை திரும்ப உடையாமல் நின்றதில். அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். கரிசலாங்கண்ணித் தைலம் தலைக்குத் தேய்க்கிறார், அதுவும் அதே குடும்பம். பல வருஷமாகத் தேய்த்தும் தலையில் ஒன்றுமில்லை என்பதால் அதை விட்டுவைத்தேன். கண்ணில் அரிப்பு வந்தால் நிறுத்தச் சொல்லியிருக்கிறேன்.

நவராத்திரிக்குப் பிறகு

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மருமகளுக்குக் காய்ச்சல். கடை முழுக்கச் சாமந்தி. வேறு வழியில்லாமல் இவரே ஒரு நாள் முழுக்கக் கட்டினார். மூன்றாம் நாள் இமை வீங்கி, புறங்கையில் கொப்புளங்களோடு வந்து நின்றார். எண்ணெயை ஒரு நாள்கூட விடவில்லை என்று சத்தியம் செய்தார், நம்புகிறேன். அரண் எவ்வளவு தேறியிருந்தாலும் ஒவ்வாமை வந்தவருக்கு அந்தச் சிறு மூலக்கூறு நுழைய ஒரு சந்து போதும். மறுபடி இரண்டு வாரம் களிம்பு. இம்முறை புதிதாக வெடிப்பு விழாமல், பத்து நாளில் அடங்கியது.

மார்கழியில் பார்த்தபோது கைகளை மேசை மேலேயே வைத்திருந்தார். புறங்கை சுத்தம், நகங்கள் புதிதாக வளர்ந்திருந்தன. மகள் வாங்கிக் கொடுத்த புதுக் கிரீம் ஒன்றைப் பிரிக்காமல் எடுத்து வந்திருந்தார். "இதுல சாமந்தி வேற பேர்ல இருக்கா பாருங்க." பார்த்தேன், ஆர்னிகா இருந்தது. அதுவும் அதே குடும்பம். திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னேன். வலது ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில், நார் உராயும் இடத்தில், ஒரு வெடிப்பு மட்டும் இன்னும் திறந்து திறந்து மூடுகிறது. அது ஒவ்வாமை இல்லை, உராய்வு. அதற்குத் துணி பிளாஸ்டர் சுற்றிக் கட்டிப் பார்க்கிறார். முடிச்சு கொஞ்சம் தளர்வாக விழுகிறதாம்.